பால்கனியில் ஒரு குளம்

மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழைத்தண்டும் வெற்றிலையும் கிடைத்துவிடுவதால் மும்பைத் தமிழருக்கு வாய்க்குக் குறையில்லை. கைக்குத்தான் குறை. ஒரு கறிவேப்பிலைச் செடியாவது வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எத்தனையாவது மாடிக்குப் போனாலும் போவதில்லை. அந்த ஆசைக்கு இப்போது சிபாரிசு செய்யப்படும் மருந்து அக்வாபோனிக்ஸ். மண்ணே இல்லாமல், ஒரே தண்ணீரில் மீனும் கீரையும்.

பெயர்தான் புதிது. ஏரி வற்றிய கோடையில் வண்டல் அள்ளி வயலில் கொட்டிய நம் விவசாயிக்கு, மீன் வாழ்ந்த தண்ணீரின் அடியில் உரம் இருக்கிறது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தொட்டியும் குழாயுமாக மாற்றி ஒழுங்கான தொழில்நுட்பமாக்கியவர்களில் முக்கியமானவர், 1980களிலிருந்து அமெரிக்க வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் உழைத்த ஜேம்ஸ் ராகோசி. மும்பையிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1961ல் தொடங்கப்பட்டு இப்போது வர்சோவாவில் இயங்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கோய் கெண்டையையும் பாலக் கீரையையும் சேர்த்து வளர்த்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். கோய் என்பது அழகு மீன். மீன் வாசனையே ஆகாத குடும்பங்களும் கவலைப்பட வேண்டாம்; வளர்க்கிற மீனைத் தின்றுதான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். மீனின் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது சேர்ந்தால் மீனுக்கே விஷம். தொட்டித் தண்ணீரை ஒரு சிறிய பம்ப் மேலே உள்ள ஜல்லித் தட்டுக்கு ஏற்றுகிறது. ஜல்லியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உணவு. சுத்தமான தண்ணீர் மீண்டும் தொட்டிக்கு இறங்குகிறது. ஆவியாவதையும் செடி குடிப்பதையும் ஈடுகட்டினால் போதும். காலையில் சில மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் பார்க்கிற ஊரில் இது சின்ன லாபமல்ல. ஆனால் பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரமாகும். முதல் நாளே தொட்டி நிறைய மீன் விடுகிறவர்கள் முதல் வாரமே அழுகிறார்கள். மாநகராட்சித் தண்ணீரில் உள்ள குளோரின் போக, அதை ஒரு நாளாவது திறந்து வைத்திருந்து ஊற்ற வேண்டும்.

இனி கணக்கு. சிறு அளவு அக்வாபோனிக்ஸ் பற்றி ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014ல் வெளியிட்ட கையேட்டின்படி, ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் போகக்கூடாது. நூறு லிட்டர் தொட்டி என்றால் 2 கிலோ. அவை எடை போட்ட பிறகு நாளுக்குச் சுமார் 40 கிராம் தீனி தின்னும். அந்தத் தீனியின் கழிவு ஒரு சதுர மீட்டர் கீரைக்குத்தான் போதும். ஆக, வாரத்தில் ஓரிரு நாள் பொரியலுக்கு ஆகும். மாதச் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 20 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். தீனிச் செலவு தனி.

பணத்தைவிடப் பெரிய கணக்கு எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர் தொட்டி, ஈர ஜல்லி, இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். குடியிருப்பு பால்கனிகளை சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. அது புதிய கட்டடத்துக்கு. மாதுங்காவிலும் தாதரிலும் உள்ள பழைய கட்டடங்களில், கடல் காற்றும் மழையும் கம்பியைத் தின்றுவிட்ட பால்கனிகளில், அந்த விதி காகிதத்தில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கிரில் பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கீழே நடக்கிறவர்களின் தலை நம் கீரையைவிட விலை உயர்ந்தது. பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டியை வைக்க வேண்டும். வைத்தாலும் சுவரை ஒட்டி.

மும்பையில் கரண்ட் போகாது என்ற நம்பிக்கையும் சரியல்ல. 2020 அக்டோபர் 12ம் தேதி நகரின் பெரும்பகுதி மணிக்கணக்கில் இருண்டது. பம்ப் நின்றால், நெருக்கமான தொட்டியில் மீன்கள் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும். கொசு இன்னொரு பிரச்னை. தொட்டியில் விழும் புழுவை கப்பி மீன் தின்றுவிடும். ஆனால் ஜல்லித் தட்டிலும் அடியில் வைத்த தாம்பாளத்திலும் மீன் கிடையாது. தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு ஓர் அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய நீருக்கு மாநகராட்சி நோட்டீஸ் கொடுப்பது விளையாட்டல்ல.

தொட்டிக்குத் தாராவிக்குப் போகலாம். பதின்மூன்றாம் காம்பவுண்டின் மறுசுழற்சிக் கிடங்குகளில் பழைய நீல டிரம்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். உணவுப் பொருள் வந்த டிரம்மா, ரசாயனம் வந்ததா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஒரு காலத்தில் கோலி மீனவர்களின் கிராமமாக இருந்த அதே தாராவியில் இன்று நூறு சதுர அடி அறையில் குடும்பமே இருக்கிறது. அங்கே பால்கனி ஏது? கீரை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் இடம் இல்லை. இடம் உள்ளவர்களுக்கோ அது பொழுதுபோக்கு.

வழி இல்லாமல் இல்லை. மும்பை துறைமுகக் கழகத்தின் மத்திய சமையல் கூடத்தில் கேட்டரிங் அதிகாரியாக இருந்த பிரீத்தி பாட்டீல், 2000களின் தொடக்கத்தில் சமையல் கழிவை உரமாக்கி மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போட்டுக் காட்டினார். அது ஒருவரின் பால்கனி அல்ல, பலர் உழைத்த பொது இடம். மீன் தொட்டிக்கும் அதுவே பொருந்தும். சொசைட்டி காம்பவுண்டில், மாநகராட்சிப் பள்ளியின் தரைத்தளத்தில், எடையைத் தரை தாங்கிக்கொள்ளும். பம்ப் நின்றால் பார்க்க பத்துப் பேர் இருப்பார்கள். குழந்தைகளுக்கு நைட்ரேட் பாடம் புத்தகத்தில் அல்லாமல் கண்ணெதிரே நடக்கும். ஊரில் குளம் தனி ஒருவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. தூர் வாருவதும் ஊர்தான், மீன் பிடிப்பதும் ஊர்தான். ஆறாவது மாடிக்கு வந்தாலும் குளத்தின் நியாயம் அதுதான்.