அழுக்கென்று பெயர் பெற்ற இசை

வசைச்சொல்லாகப் பிறந்து பெருமைப் பெயராக உயர்ந்த சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. 'கிரஞ்ச்' என்னும் ஆங்கிலச் சொல் அவ்வகையினது. பிசுக்கு, அழுக்கு, கசடு என்பன அதன் பொருள்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரத்து இளைஞர் மார்க் ஆர்ம் என்பார், 1981ஆம் ஆண்டில் உள்ளூர்ச் சிற்றிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், தாம் அங்கம் வகித்த இசைக்குழுவையே எள்ளி நகையாட இச்சொல்லைக் கையாண்டார். தம்மைத் தாமே பழித்துக்கொண்ட அக்குறும்பில் இடம்பெற்ற சொல், பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு தலைமுறையின் இசைக்கே பெயராயிற்று. அன்று அவ்விசையைக் கொண்டாடிய இளைஞர் இன்று ஐம்பதைத் தொட்டும் கடந்தும் நிற்கின்றனர். அவர்தம் மக்களும் அதே பாடல்களைக் கேட்கின்றனர். காலையில் தோன்றி மாலையில் மறையும் பாடல்கள் மலிந்த இந்நாளில், இவ்விசை மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளங்களைப் பிணித்திருப்பது ஏன்? அந்தப் பழநினைவு ஏக்கத்தில் மெய் எவ்வளவு, போலி எவ்வளவு?

தமிழ்த்துறையின் மலரில் மேனாட்டு இரைச்சல் இசைக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். பாட்டின் இயல்பையும் அதனைக் கேட்போர் உள்ளத்தின் இயல்பையும் ஆராய்வது இலக்கியம் பயில்வோர் கடன். அப்பாட்டு எம்மொழியில் பிறந்தது என்பது அதற்கு அடுத்த வினாவேயாகும்.

மரம் வெட்டுவோர் சட்டை

1980களில் சியாட்டில், நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் வீற்றிருந்த இசைப் பெருநிறுவனங்களின் கண்ணுக்கு எட்டாத ஊராகவே இருந்தது. அதற்குத் தென்மேற்கே அபர்டீன் என்னும் சிற்றூர். மரம் வெட்டுதலும் அறுத்தலும் அவ்வூரார் பிழைப்பு. அத்தொழில் நலிந்துவந்த காலத்தில் அங்கு வளர்ந்தவர்தாம் 1967இல் பிறந்த கர்ட் கோபேன். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை மரம் வெட்டுவோரின் உடை. மழையும் குளிரும் மிகுந்த அந்நிலத்துக்கு ஏற்றது; பழந்துணிக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது. மேடையேறிய இளைஞர்கள் அதனையே உடுத்தனர் என்றால், அது கோலம் அன்று. கையில் இருந்த காசுக்குக் கிடைத்த துணி.

புரூஸ் பாவிட், ஜொனாதன் போன்மன் என்னும் இருவர் நடத்திய 'சப் பாப்' என்னும் சிறு நிறுவனம் இக்குழுக்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டது. கோபேனின் 'நிர்வாணா' குழு 1989இல் வெளிவந்த தன் முதல் தொகுப்பை ஜாக் எண்டினோ என்னும் ஒலிப்பதிவாளரைக் கொண்டு பதிவு செய்தது. அதற்கான செலவு 606 டாலர் 17 சென்ட். அத்தொகையைத் தந்துதவிய ஜேசன் எவர்மன், அத்தொகுப்பில் ஒரு நரம்பைக்கூட மீட்டாதவர். ஆயினும் உறையில் அவர் பெயரும் படமும் இடம்பெற்றன. (பின்னாளில் அவர் இசையைத் துறந்து அமெரிக்கப் படையில் சேர்ந்து போர்முனை கண்டார் என்பது தனிக்கதை.)

இக்குழுக்கள் யாவும் ஒரே ஒலியினவல்ல. கிதாரின் தடித்த நரம்பைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்துவதும், பெடல் என்னும் கருவியால் ஒலியைக் கரகரப்பாக்குவதும் பலர்க்கும் பொதுவாயினும், ஒவ்வொருவர்க்கும் தனி வழி இருந்தது. அடங்கிய குரலில் தொடங்கி, எதிர்பாராத கணத்தில் கதறலாக வெடித்து, மீண்டும் அடங்குவது நிர்வாணாவின் வழி. 'சவுண்ட்கார்டன்' ஏழெண்ணிக்கைத் தாளங்களை எளிதாகக் கையாண்டது. அக்குழுவின் கிதார் கலைஞர் கிம் தயில், கேரளத்திலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோர்க்கு 1960இல் சியாட்டிலிலேயே பிறந்தவர். 'ஆலிஸ் இன் செயின்ஸ்' குழுவில் லேன் ஸ்டேலியும் ஜெர்ரி கான்ட்ரெலும் இணைந்தெழுப்பும் இரட்டைக் குரல், இருவர் ஒரே துயரத்தைத் தூக்கிச் செல்வது போல் ஒலிக்கும். 'பெர்ல் ஜாம்' குழுவின் எடி வெடர், அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரலுக்கு உரியவர்.

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் இரண்டாம் தொகுப்பு வெளிவந்தபோது, அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பப்பட்ட படிகள் ஏறத்தாழ 46,000. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் தொகுப்பைக் கீழிறக்கி விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அதன் உறையில், நீருக்குள் ஒரு டாலர் தாளை நோக்கி நீந்தும் ஆடையற்ற குழந்தையின் படம். குழுவின் பெயரோ பௌத்தர் கூறும் வீடுபேற்றைக் குறிப்பது. தமிழில் அச்சொல்லுக்கு வழங்கும் பொருளை அறிந்தோர் அவ்வுறையைக் கண்டால், எவரோ நம்மவர்தாம் பெயரும் படமும் பொருத்தித் தந்தார் என்றே எண்ணுவர்!

சந்தைக்கு வந்த அழுக்கு

பணம் மணக்கும் இடத்திற்குச் சந்தை வந்து சேரத் தாமதமாகவில்லை. 1992 நவம்பரில் ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக இந்தப் பழந்துணிக் கோலத்தை உயர்விலை ஆடைகளாக்கி அரங்கேற்றினார், விமர்சகர் கண்டித்தனர், வேலையும் போயிற்று. அதே ஆடைகளை 2018இல் அவரே மீண்டும் விற்பனைக்குக் கொணர்ந்தார்; அப்போது வரவேற்பு இருந்தது. இடையில் நிகழ்ந்தது, அன்றைய இளைஞர் பணம் படைத்தோர் ஆனதே.

மொழியாசிரியர்கள் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றும் அதே 1992 நவம்பரில் நடந்தது. சியாட்டில் இளைஞர்தம் குழூஉக்குறிச் சொற்களைத் தொகுக்க விரும்பிய நியூயார்க் டைம்ஸ் நாளேடு, சப் பாப் நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய மேகன் ஜாஸ்பர் என்னும் பெண்மணியைத் தொலைபேசியில் வினவியது. அப்படியொரு தனிமொழி அங்கு வழங்கவே இல்லை. கேட்கின்றவர்கள் ஆர்வத்தோடு கேட்கின்றனர். ஏன் ஏமாற்ற வேண்டும் என்று எண்ணினாரோ என்னவோ, வாய்க்கு வந்த சொற்களையெல்லாம் அப்போதைக்கப்போது புனைந்து பொருளும் சொல்லிவிட்டார். நாளேடு அவற்றைச் சொல்லகராதியாகவே அச்சிட்டது. மறு ஆண்டு பாஃப்ளர் என்னும் இதழ் உண்மையை வெளிப்படுத்தியது. ஜாஸ்பர் பின்னாளில் சப் பாப் நிறுவனத்தின் தலைமை அலுவலராகவே உயர்ந்தார். களத்துக்குச் செல்லாமல் சொல் திரட்டும் நம் ஆய்வு மாணவர்கள் இந்நிகழ்ச்சியை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இன்று நடப்பதோ அதனினும் விந்தை. 1993 நவம்பரில் எம்.டி.வி. நிகழ்ச்சியில் கோபேன் அணிந்திருந்த பழைய கார்டிகன் சட்டை, 2019 அக்டோபரில் 3,34,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஒரு பொத்தான் இல்லை. சிகரெட் சுட்ட துளை உண்டு. அன்றுதொட்டுத் துவைக்கப்படவில்லை என்பது ஏலக்காரர் எடுத்துரைத்த தனிச்சிறப்பு. பெயரளவில் அழுக்காயிருந்த இசைக்கு உண்மையான அழுக்கே விலையாக வந்து வாய்த்தது! அதே நிகழ்ச்சியில் அவர் மீட்டிய கிதார் 2020 ஜூனில் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அந்நாள்வரை எக்கிதாரும் ஏலத்தில் அவ்விலை கண்டதில்லை. இதனை அன்பின் அளவுகோல் என்று கொள்ள என் மனம் இசையவில்லை. வணிக ஆரவாரத்தை வெறுத்துப் பாடியவரின் சட்டையை வணிக ஆரவாரத்தோடு விற்பது நினைவுகூர்தல் ஆகாது.

ஏக்கத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: அது தனக்கு வேண்டியவற்றை மட்டுமே நினைவில் வைக்கும். சியாட்டிலில் 1983இல் தோன்றிய 'பாம் பாம்' குழுவின் பாடகி டீனா பெல், கறுப்பினப் பெண்மணி. நிர்வாணாவின் பெயரே இல்லாத காலத்தில் அத்தகைய கனத்த இசையைப் பாடியவர். 2012இல் அவர் மறைந்தபோது உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அண்மை ஆண்டுகளில்தான் அவர் பெயர் பேசப்படுகிறது. கோர்ட்னி லவ் பாடிய 'ஹோல்' குழுவின் சிறந்த தொகுப்பு, அவர் கணவர் கோபேன் மறைந்த அடுத்த வாரத்தில் வெளியாயிற்று. அத்தொகுப்பைப் பேசுவோரினும், அப்பெண்மணியைத் தூற்றுவோரே இன்றளவும் மிகுதி. நீண்ட முடியும் ஃபிளானல் சட்டையும் உடைய வெள்ளை இளைஞர் நால்வரையே ஏக்கம் தன் சுவரில் மாட்டி வைத்திருக்கிறது.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

அங்ஙனமாயின் இவ்விசையின் நிலைபேறு வணிகத்தின் சூழ்ச்சிதானா? அன்று. சூழ்ச்சியால் ஒரு பாட்டை ஓராண்டு ஓட்டலாம். முப்பது ஆண்டுகள் ஓட்ட இயலாது. 1994க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு ஏங்குவதற்கு அக்காலத்து நினைவு எதுவும் இல்லை. எனினும் நிர்வாணாவின் புகழ்பெற்ற பாடற்காட்சி யூடியூபில் 2019இல் நூறு கோடி முறை பார்க்கப்பட்டது என்றால், அதில் இவர்தம் பங்கும் உண்டு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களங்களை நான்காக வகுப்பர்: பிறரால் இகழப்படுதல், உரியவரையோ உரியதையோ இழத்தல், பண்டைய நிலையினின்று தளர்தல், வறுமை. கிரஞ்ச் இசையின் பொருளடக்கம் முழுவதையும் இந்நான்கனுள் அடக்கிவிடலாம் என்பது என் துணிபு. அபர்டீன் போன்ற ஊர்களின் நிலை தளர்ச்சியும் வறுமையும். பெர்ல் ஜாமின் முதல் தொகுப்பில், வீட்டாராலும் பள்ளியாராலும் பொருட்படுத்தப்படாத சிறுவன் ஒருவனைப் பற்றிய பாடல் இகழ்ச்சியின்பாற்படும். இழப்புக்குச் சான்று 1991இல் வெளிவந்த 'டெம்பிள் ஆஃப் தி டாக்' தொகுப்பு. 'மதர் லவ் போன்' குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் ஹெராயின் நஞ்சுக்கு 24 வயதில், 1990 மார்ச்சில், பலியானார். அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த கிறிஸ் கார்னெல், இறந்தவரின் தோழர்களைக் கூட்டி, அவர் நினைவாகப் பாடியதே அத்தொகுப்பு. நம் புறத்துறைகளில் ஒன்றான கையறுநிலையை அறிந்தவர்க்கு இதன் தன்மையை விளக்க வேண்டுவதில்லை.

1980களில் அமெரிக்க ராக் மேடைகளை நிறைத்திருந்தது மினுக்கும் கேளிக்கையும். பாடுவோர் யாவரும் வென்றவர். கேட்போர் அண்ணாந்து பார்ப்பவர். தோற்றவன் தன் குரலில் பாடலாம் என்ற இசைவைக் கிரஞ்ச் தந்தது. பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகின்ற வரையில் அதற்குக் கேட்போர் இருப்பர்.

சொல் புரியாமல் எங்ஙனம் சுவைப்பது என்பார்க்கு ஒன்று சொல்வேன். எனக்கு இவ்விசையின் வாயிலைத் திறந்தவர் நுஸ்ரத் ஃபதே அலி கான். எங்கள் வீட்டில் நாகூர் ஹனீபாவின் ஒலிநாடாக்களுக்கிடையே நுஸ்ரத்தின் கவ்வாலி ஒன்றும் இருந்தது. உருது, பஞ்சாபி என்று எதுவும் அறியாத என் தாயார், அது ஒலிக்கும்போது கைவேலையை நிறுத்திவிடுவார். அந்த நுஸ்ரத்தும் எடி வெடரும், மரண தண்டனை பெற்ற கைதி ஒருவனைப் பற்றிய 1995ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் இசைத்தொகுப்புக்காக இரு பாடல்களில் இணைந்து பாடினர். தர்காவில் வளர்ந்த கலையும் மதுக்கூடங்களில் வளர்ந்த இசையும் அங்கு ஒன்றையொன்று நாணச் செய்யவில்லை. வெடர் தம் ஆரவாரத்தை அடக்கிக்கொண்டு மூத்தவரின் குரலுக்கு இடம்விட்டு நிற்கும் பணிவை, கேட்டார் அறிவர்.

இறப்பை அழகென்பார்க்கு

என் மாணவர் ஒருவர் கோபேனின் முகம் பொறித்த சட்டையணிந்து வகுப்புக்கு வந்தார். அவரைப் பற்றி என்ன அறிவீர் என்றேன். "இருபத்தேழு வயசுலயே போயிட்டதாலதான் சார் அவரு லெஜண்ட்" என்றார். அம்மறுமொழி என்னைச் சில நாள்கள் உறங்கவிடவில்லை. ஏக்கத்தின் பேரால் செய்யப்படும் தீங்குகளுள் இதனினும் கொடியது இல்லை என்பேன். 1994 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டபோது, அவர் மகளுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. போதைப்பழக்கமும் உள்ளச்சோர்வும் ஒருங்கே தின்ற உடம்பு அது. எட்டு ஆண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் 5இல் லேன் ஸ்டேலி தம் வீட்டில் தனியே இறந்தார். அவர் இறந்ததை உலகம் அறிவதற்கே இரண்டு வாரங்கள் ஆயின. 2017இல் கார்னெல் தம் 52ஆம் வயதில் உயிர்துறந்தார். இவற்றுள் எங்கே அழகு? பாட்டு பெரிதாயிருந்தமையால் இறப்பு பேசப்படுகிறது; இறப்பினால் பாட்டு பெரிதாகவில்லை. இவ்வேறுபாட்டை இளைஞர்க்கு எடுத்துரைக்கத் தயங்கும் விசிறிகள் தம் தலைவர்க்கு நன்றி செய்தவர் ஆகார்.

உயிரோடிருந்தோர் செய்தவை ஏனோ சுவரொட்டிகளில் இடம்பெறுவதில்லை. நுழைவுச்சீட்டின் விலை 20 டாலருக்கு மிகலாகாது என்று நின்ற பெர்ல் ஜாம் குழுவினர், டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் தனியாதிக்கத்துக்கு எதிராக 1994இல் அரசிடம் முறையிட்டனர். ஸ்டோன் கோசார்டும் ஜெஃப் அமெண்டும் நாடாளுமன்றக் குழுவின் முன் சான்றளித்தனர். 1995இல் அரசு அவ்விசாரணையைக் கைவிட்டது. குழுவினரும் சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் சீட்டுகளுக்குத் திரும்ப நேர்ந்தது. ஆனால் 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறையே அந்நிறுவனத்தின் தாய்நிறுவனத்தின் மீது தனியாதிக்க வழக்குத் தொடுத்தது. முப்பது ஆண்டு முந்திய அம்முறையீட்டை நினைத்து ஏங்குவதில் எனக்கு மறுப்பில்லை.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மார்க் ஆர்ம் 1988 முதல் 'மட்ஹனி' குழுவின் பாடகர். அக்குழு 2023இலும் புதிய தொகுப்பு வெளியிட்டது. கோடிகள் அவரைத் தேடி வரவில்லை. சப் பாப் நிறுவனத்தின் கிடங்கில் மேலாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர் அவர். பிறர் பாடிய இசைத்தட்டுகள் கடைகளுக்குப் போய்ச் சேர்வதைக் கவனித்துக்கொண்டு, தம் பாட்டையும் பாடிவந்தார். அவர் முகம் பொறித்த சட்டையோடு எம்மாணவரும் இதுவரை என் வகுப்புக்கு வந்ததில்லை.