நிறம் அலங்காரம் அல்ல, அடையாளம்

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் இரவில் படகேறியவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. ஆற்றோர மரங்களில் மின்மினிகள் மின்னுவது நம்மை மகிழ்விக்க அல்ல; துணையைத் தேடும் சமிக்ஞை அது. கணினித் திரையில் நிரலுக்குத் தரும் நிறங்களும் செய்தி சொல்லத்தான் இருக்கின்றன என்பது என் கருத்து.

மாணவர்களே, பைத்தானுடன் வரும் ஐடிலில் பழகிய உங்களில் பலர் விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டருக்கு மாறுகிறீர்கள். மாறியதும் முதல் வேலை நிறத்தை மாற்றுவது. "வெட்டி வேலை" என்பார்கள் பெரியவர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எதற்காக மாற்றுகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

மேற்கோள்குறி ஒன்றை மூட மறந்து பாருங்கள். அந்த வரியின் மீதிப் பகுதி முழுவதும் ஒரே நிறமாகிவிடும். நிரலை இயக்குமுன்பே பிழை கண்ணில் படும். நிறத்தின் பயன் அதுதான். ஆகவே, நண்பனின் திரை அழகாக இருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, குறிப்புரை தெளிவாகத் தெரிகிறதா? பல வண்ணத் திட்டங்கள் அதை மங்கிய சாம்பலில் காட்டுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது இணையத்தள அணுகல் வழிகாட்டி. எடிட்டருக்கும் அது நல்ல அளவுகோல்.

இரண்டாவது, சிவப்பும் பச்சையும் உங்களுக்கு வேறுபட்டுத் தெரிகின்றனவா? ஐடிலில் குறிப்புரை சிவப்பு, மேற்கோளுக்குள் உள்ளது பச்சை. சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்களிடமே மிகுதி. தமக்கு அது இருப்பதே தெரியாத மாணவர்களும் உண்டு. அவர்கள் நீலமும் மஞ்சளும் கலந்த திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஐடிலிலும் நிறத்தை மாற்ற வழி இருக்கிறது.

மூன்றாவது, எங்கே அமர்ந்து எழுதுகிறீர்கள்? வெயில் விழும் வகுப்பறையில் கறுப்புத் திரை கண்ணாடிபோல் உங்கள் முகத்தையே காட்டும். அங்கே வெள்ளைப் பின்னணி மேல். இருட்டறையில் கறுப்பு இதமாக இருக்கலாம்.

விஷுவல் ஸ்டூடியோ கோடில் கண்ட்ரோல் விசையோடு கே, பிறகு கண்ட்ரோலோடு டி அழுத்தினால் திட்டங்களின் பட்டியல் வரும். பிடிக்காத ஒரு நிறத்தை மட்டும் அமைப்புக் கோப்பில் நீங்களே மாற்றலாம். அங்கே ஒரு நிறம் என்பது 16 அடிமானத்தில் ஆறு இலக்கம்: சிவப்புக்கு இரண்டு, பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 256 அளவுகள். மொத்தம் 16,777,216 நிறங்கள். ஓர் இலக்கத்தை மாற்றிச் சேமித்த உடனே திரை மாறும். எண்ணடிமானத்தைக் கற்க இதைவிடச் சுவையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு மாலைப்பொழுது போதும். தோட்டத்து வீட்டில் அண்ணன் தங்கையோடு ஒரே மடிக்கணினியைப் பகிர்ந்துகொள்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் அரிது. எடிட்டர்களும் நிலைப்பதில்லை. பலர் விரும்பிய ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பர் 15இல் நிறுத்தப்பட்டது. அதில் அமைத்த நிறங்கள் அதோடு போயின. எழுதிய நிரல்களோ வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் இன்றும் எந்த எடிட்டரிலும் திறக்கும்.

எனவே கண்ணுக்கு ஏற்ற நிறத்தை ஒருமுறை சரியாக அமையுங்கள். பிறகு அதை மறந்துவிட்டு நிரல் எழுதுங்கள்.