வேகத்துக்கு ஒரு மைதானம் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த வாக்குவாதம் உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் அண்ணன் பேரன் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் சேர்ந்து கல்லூரி ஒர்க்ஷாப்பில் சின்னதாக ஒரு ரேஸ் கார் கட்டுகிறார்கள். இரும்புக் குழாய்களை வெட்டி, வெல்டிங் வைத்து, பைக் இன்ஜினைப் பொருத்தி, ஒரே ஆள் உட்காரும்படியான கார். தீபாவளிக்கு வந்தவன் இரண்டாம் நாளே "கார் வேலை இருக்கு" என்று கிளம்பிவிட்டான். "படிக்க அனுப்பினோமா, மெக்கானிக் வேலைக்கு அனுப்பினோமா?" என்று ஒரு மாமா கேட்டார். "ரேஸ் கீஸ்னு போனா கை கால் போனாத்தான் அடங்குவான்" என்று இன்னொருவர் எழுதினார். கடைசியில் "டீச்சர் என்ன சொல்றாங்க?" என்று என் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

டீச்சர் சொல்வது இதுதான். அவன் செய்வது படிப்பு. அதோடு, அவனுக்குக் கிடைத்திருக்கிற மாதிரி ஒரு மைதானம் நம் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

முதலில் அந்தப் போட்டி என்னவென்று தெரிந்துகொள்வோம். ரேஸ் என்றதும் இருபது கார்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடுவதுதான் நம் கண்ணில் வருகிறது. இவர்கள் ஓட்டுவதில் முக்கியமான ஒன்று ஆட்டோகிராஸ். காலியான தரையில் ரப்பர் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். அந்தப் பாதையில் நேரம் குறிக்கப்பட்டு ஒவ்வொரு காரும் தனியாக ஓடும். முந்துவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எதிரி கடிகாரம் மட்டும்தான். ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் 2 வினாடி தண்டம்.

மாணவர்களுக்கான இந்தப் போட்டிமுறை அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் வேரூன்றியது. அந்த விதிப்படி ஆட்டோகிராஸ் பாதையில் சராசரி வேகம் மணிக்கு 40 முதல் 48 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும். நம் ஊர் டவுன் பஸ் பைபாஸில் அதைவிட வேகமாகப் போகிறது. ஓட்டுநர் 5 வினாடிக்குள் பெல்ட்டைக் கழற்றி வெளியே வந்துவிட வேண்டும் என்றும் விதி உண்டு. மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 325 மதிப்பெண் கார் ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, நடுவர்கள் முன் எழுந்து நின்று விளக்கிச் சொல்வதற்கு 75. ஆட்டோகிராஸுக்கு 125தான். இப்போது சொல்லுங்கள், இது படிப்பா, இல்லையா?

இன்னொரு செய்தி. காரை ஓட்டப்போவது நம் பையன் இல்லை. அந்த அணியில் எடை குறைவான ஒரு பெண் பிள்ளை ஓட்டுகிறாள். "என் எடைக்கு அரை வினாடி போயிடும் பாட்டி" என்று சிரிக்கிறான். கை கால் போகும் என்று எழுதியவர் இதைக் கவனிக்கவும்.

எடை என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பாடம் எடுத்தவள் இல்லை. ஆனால் அவன் சொன்னது எனக்கே புரிந்தது. இன்ஜின் சக்தியைக் கூட்டினால் நேர்ச்சாலையில் கார் பறக்கும். எடையைக் குறைத்தால் கிளம்பும்போதும் பயன், பிரேக் பிடிக்கும்போதும் பயன், வளையும்போதும் பயன். இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற பொறியாளர் 1957இல் லோட்டஸ் செவன் என்ற காரை இந்த எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார். பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்ளலாம். அன்று அப்படி வாங்கினால் அந்த நாட்டில் கொள்முதல் வரியும் மிச்சமானது. அந்தக் காரின் வாரிசை கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் இன்றும் செய்கிறது.

கார் கட்டி முடித்த பிறகுதான் உண்மையான வேலை. அதை டியூனிங் என்கிறார்கள். லட்சக்கணக்கில் கருவி வேண்டும் என்று நினைத்தேன். அவன் சொன்ன பட்டியலைக் கேளுங்கள். சாக்பீஸ், நூல், நான்கு எடை மெஷின், ஸ்டாப் வாட்ச், ஒரு நோட்டுப் புத்தகம். நம் பள்ளிக்கூட அலமாரியைத் திறந்தது போல இருக்கிறது!

டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் சாய்ந்து தரையில் உரசியிருக்கிறது. அளவுக்கு மீறி அழிந்திருந்தால் காற்று குறைவு. அழியவே இல்லை என்றால் காற்று அதிகம். காரின் இரு பக்கமும் நூலை இழுத்துக் கட்டி, சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால், சக்கரம் நேராக நிற்கிறதா, கோணலாக நிற்கிறதா என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். ஓட்டுநரை உட்காரவைத்து நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எடை மெஷினை வைப்பார்கள். வகுப்பில் ஒரு கால் குட்டையான பெஞ்சு ஆடுமே, நினைவிருக்கிறதா? அதுபோல ஒரு மூலையில் பாரம் குறைந்தால் கார் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் மக்கர் பண்ணும். ஸ்பிரிங் உட்காரும் உயரத்தை மாற்றி அதைச் சரிசெய்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். காற்றையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டால், நேரம் குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது. மாற்று, ஓட்டு, நேரத்தை எழுது, பிறகு அடுத்தது. அறிவியல் பாடத்தில் சோதனை, காண்பன, அறிவது என்று மூன்று கட்டம் போட்டு எழுதவைத்தேனே, அதேதான். இருபது வயதுப் பையன் யாரும் சொல்லாமலே இரவு பத்து மணிக்கு அதை எழுதிக்கொண்டிருக்கிறான். இதைவிட ஒரு ஆசிரியைக்கு என்ன வேண்டும்?

"இதெல்லாம் பணக்காரர் வீட்டு விளையாட்டு" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதை மாற்றப் பார்த்தவர்களும் நம் தமிழ்நாட்டில் இருந்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் நம் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்தது. கோவையில் எஸ். கரிவரதன் என்பவர் மில் குடும்பத்தில் பிறந்தவர். மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து, ஒரே ஆள் உட்காரும் ரேஸ் காரை 1980களின் கடைசியில் உள்ளூரிலேயே உருவாக்கினார். செலவு குறைவாக இருந்தால் நிறைய இளைஞர்கள் ஓட்டிப் பழகலாம் என்பது நோக்கம். நரேன் கார்த்திகேயன் அந்த ஃபார்முலா மாருதி வகைக் காரில் தொடங்கியவர்தான். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995இல் ஒரு வான் விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மாணவர்களின் ஃபார்முலா பாரத் போட்டி நடப்பதும் அங்கேதான்.

இனி மனம் கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிச்சாவரம் ரோட்டில் போய்ப் பாருங்கள். பைபாஸில் இரவு பத்து மணிக்கு மேல் காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரைக் கழற்றிய பைக்குகள், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகள், பின்னால் உட்கார்ந்து செல்போனில் படம் பிடிப்பவன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன், வகுப்பில் வாய் ஓயாதவன், பத்தொன்பது வயதில் அப்படி ஒரு இரவில் போய்விட்டான். அவன் அம்மாவை இன்றும் மேலவீதியில் பார்க்கிறேன். "டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது.

2022இல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். அதில் ஒருவர் எண்ணிக்கை கூடியது என்றால் ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு வந்தது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டியால் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பையன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமையாகப் பார்க்கும் அப்பாக்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் சட்டம் "கூடாது" என்று மட்டும்தான் சொல்லும். "இங்கே வா" என்று சொல்ல யாராவது வேண்டும். பதினெட்டு வயதில் வேகத்தின் மேல் வரும் ஆசையை நாற்பது வருடம் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். திட்டினால் அது போவதில்லை, நம் கண்ணுக்கு மறைவாகப் போய்விடுகிறது.

பந்தயத் தளத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2023இல் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், பைக் ஓட்டிய 13 வயதுச் சிறுவனும் இறந்தார்கள். அதனால்தான் பலரும் ஒன்றாகப் பாயும் பந்தயத்தை நான் கேட்கவில்லை. தனியாக ஓடும், கூம்புகள் வைத்த, வேகம் கட்டுக்குள் இருக்கும் ஆட்டோகிராஸைக் கேட்கிறேன். மைதானத்தில் ஓட்டியவன் ரோட்டில் ஒழுங்காக ஓட்டுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பீர்கள். முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது. ஆனால் ஈரத்தரையில் பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதைக் கூம்புகளுக்கு நடுவே ஒருமுறை உணர்ந்தவன், அதை முதல்முறையாகப் பைபாஸ் லாரிக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சென்னையில் 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது நம் தெருப் பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள். பட்டாசு வெடித்த பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? ரோடு மட்டும்தான் இருக்கிறது.

எனவே என் வேண்டுகோள். என் மாணவர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு, பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள் உண்டு, காவல்துறையிலும் போக்குவரத்துத் துறையிலும் இருப்பவர்கள் உண்டு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சிமென்ட் தளமோ தார்த்தளமோ உள்ள ஒரு பெரிய வளாகத்தை மாதம் ஒரு ஞாயிறு காலை மட்டும் அனுமதியோடு கேட்டுப் பாருங்கள். ஐம்பது கூம்பு, ஹெல்மெட், தீயணைப்பான், ஒரு ஆம்புலன்ஸ், அனுபவம் உள்ள மோட்டார் கிளப்பின் மேற்பார்வை. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும். வீட்டில் கட்டிய காரை நம் நாட்டில் ரோட்டுக்குப் பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் இதுதான் இடம். முதல் ஐம்பது கூம்புக்கான பணம் என் பென்ஷனிலிருந்து.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அரியர் வைத்துவிட்டுக் கார் வேலை பார்க்கிறேன் என்று வராதீர்கள். அந்தப் பேச்சு என்னிடம் எடுபடாது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கலுக்குப் பையன் வரும்போது "எப்போதான் இதை விடப்போறே?" என்று கேட்காதீர்கள். "இந்தத் தடவை எதை மாத்தினே? எத்தனை வினாடி குறைஞ்சுது?" என்று கேளுங்கள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து கேட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
அண்ணாமலை நகர்