பாரிசு விடுதியறையும் நம் கோவிலின் கடைசி இருக்கையும்

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் இறுதிக்கு முந்தைய ஞாயிறன்று நாம் மறைபரப்பு ஞாயிறு கொண்டாடுகிறோம். திருத்தந்தை பதினோராம் பயஸ் 1926-இல் ஏற்படுத்திய நல்வழக்கம் இது. அன்று மறையுரையில் தொலைநாடுகளைப் பற்றிப் பேசுகிறோம். காணிக்கைத் தட்டு சுற்றி வருகிறது. இறைமக்களும் குறைசொல்ல முடியாதபடி தாராளமாகவே இடுகின்றனர். திருப்பலி முடிகிறது; அத்துடன் நம் மறைபரப்பும் முடிந்துவிடுகிறது. அடுத்த அக்டோபர் வரை அந்தச் சொல்லை நாம் நினைப்பதில்லை.

இவ்வேட்டின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இம்முறை இனிக்கப் பேசும் எண்ணம் நமக்கில்லை. மறைபரப்பு என்பது அங்கி அணிந்தவர்கள் கடல் கடந்து செய்யும் வேலை என்றும், படிப்பதற்காகக் கடல் கடக்கும் மாணவனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இது வரலாற்றை அறியாததால் வந்த பிழை. அதைவிடக் கேடானது, திருமுழுக்கின் பொருளை அறியாததால் வந்த பிழை. இதைச் சொல்லவே எழுதுகிறோம்.

முத்துக்குளித்துறையில் விசுவாசத்தை ஊன்றி வளர்த்தவர் யார் என்று கேட்டால், மறைக்கல்வி வகுப்பின் கடைக்குட்டியும் புனித சவேரியார் என்று சொல்லும். சவேரியார் எங்கிருந்து வந்தார்? கோவாவிலிருந்து என்போம், லிஸ்பனிலிருந்து என்போம். அதற்கும் முன்பு? பாரிசு மாநகரில் ஒரு மாணவர் விடுதியின் அறையிலிருந்து வந்தார். 1525-இல் நவார் நாட்டிலிருந்து பாரிசுப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த இளைஞர் அவர். புனித பார்பரா கல்லூரியில் அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் பேதுரு ஃபேபர். சவோய் நாட்டு மலைப்புறத்தில் சிறுவயதில் ஆடு மேய்த்தவர். 1529-இல் அக்கல்லூரியில் அவர்களோடு வந்து சேர்ந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். பாஸ்க்கு நாட்டவர், வயதோ முப்பத்தெட்டை ஒட்டியது, போரில் காலுடைந்தவர், நடுவயதில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றவர்.

அந்த அறையில் நடந்தது என்ன? ஃபேபர் இஞ்ஞாசியாருக்கு அரிஸ்டாட்டிலின் மெய்யியலைச் சொல்லிக்கொடுத்தார். இஞ்ஞாசியார் ஃபேபருக்கு இறைவேண்டலைச் சொல்லிக்கொடுத்தார். சவேரியாரோ எளிதில் இணங்கவில்லை. பட்டமும் பதவியும் குடும்பப் பெருமையும் அவர் கண்முன் நின்றன. அவர் ஆசிரியப் பணி தொடங்கியபோது இஞ்ஞாசியார் அவரது வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். பணமுடை வந்தபோது கைகொடுத்தார். ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு காத்திருந்தார். வீட்டையும் நாட்டையும் விட்டு வந்த மாணவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட தோழமை அது. 1534 ஆகஸ்டு 15-ஆம் நாள் மோன்மார்த்ரு குன்றின் சிற்றாலயத்தில் எழுவர் கூடி வாக்குறுதி எடுத்தனர். குருவாக இருந்தவர் ஃபேபர் ஒருவரே. அவரே திருப்பலி நிறைவேற்றினார். இஞ்ஞாசியார், சவேரியார், ஃபேபர், லெய்னெஸ், சல்மெரோன், பொபடில்யா, ரொட்ரிகெஸ் என்னும் அந்த எழுவரில் ஒருவர்கூடப் பிரெஞ்சுக்காரர் அல்லர். எழுவரும் அயல்நாட்டு மாணவர்களே.

இவர்களை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று முதலில் எண்ணியவரும் ஒரு கல்லூரிக்காரர்தாம். புனித பார்பரா கல்லூரியில் தலைமைப் பொறுப்பு வகித்த போர்த்துகீசியர் தியோகோ தெ கூவேயா, தம் மன்னர் மூன்றாம் யோவானுக்கு 1538-இல் இவர்களைப் பரிந்துரைத்து எழுதினார். அதன் பயனாகவே 1541-இல் லிஸ்பனில் கப்பலேறிய சவேரியார், 1542 மே மாதம் கோவாவை அடைந்து, அவ்வாண்டின் இறுதிக்குள் நம் கடற்கரையில் கால்பதித்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலில், பாரிசின் கல்விக்கூடங்களுக்கே திரும்பிச் சென்று, அங்கே அறிவைச் சேர்த்துவைத்துக்கொண்டு அன்பின்றி இருப்போரைத் தட்டி எழுப்ப ஏங்குகிறார். நம் மணற்பரப்பில் நின்றுகொண்டு அவர் நினைத்துப் பார்த்தது தம் பழைய வகுப்பறையை! பாரிசு நகரம் அயல்நாட்டு மாணவர்களுக்குக் கதவடைத்திருந்தால் நம் பாட்டன் பூட்டன் கதை என்னவாகியிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. யூதாவின் இளைஞர் தானியேல் பாபிலோனில் மூன்றாண்டு அந்நாட்டு எழுத்தும் மொழியும் பயிலுமாறு வைக்கப்பட்டவர். சிலிசியாவின் தர்சு நகரில் பிறந்த பவுல், எருசலேமில் கமாலியேலின் காலடியில் அமர்ந்து கற்றவர். இறைவன் தம் தூதுவர்களை அடிக்கடி அயலூர்ப் பள்ளிக்கு அனுப்பியே ஆயத்தம் செய்கிறார்.

கொரிய நாட்டைப் பாருங்கள். 1836-இல் மூன்று கொரியச் சிறுவர்கள் தாய்நாட்டின் எல்லையைக் கரந்து கடந்து, சீனாவைக் குறுக்கே தாண்டி, அடுத்த ஆண்டு மக்காவு சென்று சேர்ந்தனர். நம் புதுவை மறைத்தளத்தில் உழைத்த அதே பாரிசு வேதபோதக சபைக் குருக்கள் அவர்களுக்கு அங்கே கல்வி அளித்தனர். மூவரில் ஒருவர் 1837-இலேயே நோயுற்று அயல்மண்ணில் இறந்தார். மற்றொருவர் கிம் தே-கொன் அந்திரேயா. 1845-இல் சாங்காய்க்கு அருகில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கொரியாவின் முதல் குருவாகத் தாயகம் திரும்பினார். 1846 செப்டம்பர் 16 அன்று, இருபத்தைந்து வயதில் தலை வெட்டப்பட்டார். மூன்றாமவர் சொய் யங்-ஒப் தோமா, 1849-இல் குருவாகி, ஊர் ஊராக நடந்தே உழைத்து, 1861-இல் மாண்டார். 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சியோல் நகரில் புனிதர் நிலைக்கு உயர்த்திய 103 மறைச்சாட்சிகளின் பட்டியலில் அந்திரேயாவின் பெயர் முதலில் நிற்கிறது. அயல்நாட்டில் படித்த மாணவனை ஒரு தலத்திருச்சபை எப்படி மதிக்கிறது என்பதற்கு இது சான்று.

மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் உண்மை பாதியாகிவிடும். முதல் உலகப் போர் முடிந்தபின், 1919 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன இளைஞர்கள், உழைத்துக்கொண்டே படிக்கலாம் என்ற நம்பிக்கையோடு பிரான்சு நாட்டுக்கு வந்தனர். வேலை அரிதாயிற்று, படிப்பு பலருக்குக் கனவாயிற்று. அவர்களுள் ஒருவர் சூ என்லாய். இன்னொருவர், 1920-இல் பதினாறு வயதில் வந்திறங்கிய டெங் சியோபிங். இரும்பாலையிலும் இரப்பர் தொழிற்சாலையிலும் கூலிவேலை பார்த்தவர். திருச்சபையின் மூத்த மகள் என்று பெயர்பெற்ற நாட்டில் வாழ்ந்தும் இவர்கள் கண்டெடுத்தது பொதுவுடைமைக் கட்சியை.

அந்நாளில் இம்மாணவர்களின் நிலை கண்டு மனம் பதறியவர்களுள் முதன்மையானவர் பெல்ஜிய நாட்டு வின்சென்சியக் குரு வின்சென்ட் லெப். சீனத் திருச்சபைக்குச் சீன ஆயர்களே வேண்டும் என்று வாதாடியதற்காகத் தம் மேலோர் சிலரின் மனக்கசப்புக்கு ஆளாகி 1920-இல் ஐரோப்பா திரும்பியிருந்தவர் அவர். அடுத்த ஏழாண்டுகள் ஐரோப்பாவின் நகரங்களில் சீன மாணவர்களைத் தேடி அலைந்தார். அவர்களுக்காக உதவி கேட்டு வாயில் வாயிலாக ஏறி இறங்கினார். 1926 அக்டோபர் 28 அன்று பதினோராம் பயஸ் உரோமையில் ஆறு சீனக் குருக்களை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தியபோது அவரது வாதம் வென்றது. ஆனால் மாணவர்களைப் பொறுத்தவரை, திருச்சபை முழுவதும் ஆற்றியிருக்க வேண்டிய பணியை ஒரு சிலர் மட்டுமே சுமந்தனர். ஒரு வேளை உணவும் ஓர் அன்புச் சொல்லும் சீன வரலாற்றை மாற்றியிருக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. வரலாறு அத்தனை எளிதன்று. ஆனால் அந்த உணவும் சொல்லும் கிடைக்காமற்போன ஒவ்வோர் இளைஞனுக்கும் நாம் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் சொல்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை மறக்கவில்லை. 1965-இல் வெளிவந்த திருச்சபையின் நற்செய்திப் பணி பற்றிய ஏடு, 38-ஆம் எண்ணில், வேலைக்காகவும் படிப்புக்காகவும் வருவோர் மூலம் தொலைவிலுள்ள மக்கள் நமக்கு அண்டையராகிறார்கள் என்றும், கிறித்துவின் உண்மை முகத்தை அவர்களுக்கு அன்புப் பணியால் காட்ட வேண்டும் என்றும் கற்பிக்கிறது. 2004-இல் வந்த குடிபெயர்ந்தோர் மேய்ப்புப்பணி பற்றிய உரோமை அறிவுரையும் அயல்நாட்டு மாணவர்களைத் தனியே எடுத்துப் பேசுகிறது. ஏடுகளுக்குக் குறைவில்லை, படிப்பவர்க்குத்தான் குறைவு.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "படிக்க வந்தவனிடம் மதத்தைத் திணிப்பதா? படிக்கப் போகிறவனை மறைபரப்பின் கருவியாக்குவதா?" என்பர். நல்ல கேள்வி, நாமும் அதையே கேட்கிறோம். அயல்நாட்டு மாணவர்களை எண்ணிக்கையாகவும் இலக்காகவும், செலவில்லாமல் கிடைத்த தூதுவர்களாகவும் கணக்கிடும் பேச்சு இன்று சில இடங்களில் கேட்கிறது. அதை நாம் அறவே வெறுக்கிறோம். தனிமையில் தவிப்பவனுக்குச் சோறிட்டு, அச்சோற்றில் தூண்டில் மறைத்துவைப்பது நற்செய்தி ஆகாது. ஆனால் தூண்டில் தவறு என்பதற்காகச் சோறும் இடாதிருப்பது எந்த அறம்? முன்னவர் மாணவனைக் கருவியாக்குகின்றனர். நாமோ அவனை இல்லாதவனாக்குகிறோம். இரண்டுமே அவனை மனிதனாகக் காணாத குற்றம்தான். பாரிசு விடுதியறையில் இஞ்ஞாசியார் காட்டியது இவ்விரண்டும் அல்லாத வழி. அது நட்பின் வழி.

நம் நாட்டுக்கு வருவோம். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் நம் கல்லூரிகளுக்கு வந்து பயில்கின்றனர். அவர்களுள் பலர் கிறித்தவர்கள், கத்தோலிக்கரும் உண்டு. 2016-இல் பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டார். 2017 மார்ச்சில் பெரு நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடித்து உதைக்கப்பட்டனர். அவை எங்கோ வடக்கிலும் மேற்கிலும் நடந்தவை என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டா.

நம் பங்கில் நடந்ததையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆப்பிரிக்க இளைஞர் ஞாயிறு திருப்பலிக்கு வரத் தொடங்கினார். கடைசி இருக்கையின் ஓரத்தில் அமர்வார். தமிழ் ஒரு சொல்லும் அறியார். ஆனால் எழும் நேரமும் முழந்தாளிடும் நேரமும் பிசகமாட்டார். அவர் அமர்ந்த இருக்கையில் வேறெவரும் அமர்வதில்லை. சமாதானம் பகிரும் வேளையில் முன்வரிசையினர் தங்களுக்குள் கைகூப்பிக்கொண்டனர். ஒருவரும் பின்னால் திரும்பவில்லை. பீடத்திலிருந்து நாம் அதைப் பார்த்தோம். திருப்பலிக்குப் பின் பங்குப்பேரவைக் கூட்டம் இருந்தது. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அடுத்த வாரம் திருமண ஓலை. அதற்கும் அடுத்த வாரம் வேறொன்று. ஐந்தாம் ஞாயிறன்று அந்த இருக்கை வெறுமையாக இருந்தது. அவர் ஊரில் வீடு தேடியதும், நம் பங்கைச் சார்ந்த ஒருவரே வீடு இல்லை என்று சொல்லி அனுப்பியதும், அவர் வேறிடம் போய்விட்டதும் பின்னரே தெரிந்தன. அவ்வாண்டு மறைபரப்பு ஞாயிறன்று, ஆப்பிரிக்கத் திருச்சபைக்காக மன்றாடுவோம் என்று நம் கோவிலில் உரத்த குரலில் வாசிக்கப்பட்டது. நாமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். ஆண்டவர் என்ன நினைத்திருப்பார்? வீடு மறுத்தவரை நாம் குறைகூற முடியவில்லை. ஒரு பெயரைக் கேட்க நமக்கும் நேரமில்லாமற்போயிற்று.

இனி, போகிறவர்களைப் பற்றி. கனடா, செருமனி, ஆஸ்திரேலியா என்று நம் பிள்ளைகள் படிக்கப் புறப்படும்போது பெற்றோர் அவர்களை அழைத்துவந்து ஆசீர் கேட்கின்றனர். விசா கிடைக்க வேண்டும், பகுதிநேர வேலை கிடைக்க வேண்டும், அங்கேயே நிலைத்துவிட வேண்டும் என்பவை மன்றாட்டுகள். குறையில்லை, தாய் தந்தையர் வேறென்ன கேட்பர்? ஆனால் போகுமிடத்தில் கோவில் எங்கே என்று கேட்ட பெற்றோரை நாம் விரல்விட்டு எண்ணலாம். பெட்டியில் ஊறுகாய்க்கு இடம் உண்டு. விவிலியத்துக்கு எடை மிகுதியாகிவிடுகிறது. இளையோர் குறைந்துபோன மேலைநாட்டு ஆலயங்களுக்கு நம் பிள்ளை ஒருவன் ஞாயிறுதோறும் போய் அமர்ந்தால், பாடகர் குழுவில் ஒரு குரல் சேர்த்தால், நோயுற்ற அறைத்தோழனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தால், அதுவே மறைபரப்பு. அதற்கு அங்கி வேண்டா, திருமுழுக்கு போதும். அது எல்லாருக்கும் அளிக்கப்பட்டாயிற்று.

ஆகவே காணிக்கையை மட்டும் கேட்டு நாம் முடிக்கப்போவதில்லை. குருக்களாகிய நாம், வெளிநாடு போகும் ஒவ்வொரு மாணவர் கையிலும், போகுமிடத்துப் பங்குத்தந்தைக்கு ஒரு மடல் எழுதிக் கொடுத்தனுப்புவோம். நம் பங்கெல்லைக்குள் படிக்கும் அயல்நாட்டு மாணவர்களின் பெயர்களைப் பங்குப்பேரவை கேட்டறிந்து எழுதிவைக்கட்டும். கிறிஸ்து பிறப்பு நாளிலும் உயிர்ப்புப் பெருநாளிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டில் இலை போடட்டும். வீடு வாடகைக்கு விடும் கத்தோலிக்கர், தோலைப் பார்க்குமுன் திருமுழுக்கை நினைக்கட்டும். திருமுழுக்குப் பெறாதவரானால், அவரைப் படைத்தவரை நினைக்கட்டும்.

பாரிசின் அந்தக் கல்லூரியில் சவேரியாருக்கு ஓர் அறைத்தோழர் இருந்தார்; அதனால் நமக்கு ஒரு திருத்தூதர் கிடைத்தார். நம் கோவிலின் கடைசி இருக்கையில் அமர்ந்து எழுந்துபோன இளைஞர் யாரோ, எந்த ஊருக்கு யாராகத் திரும்பினாரோ, அறியோம். அவரை அனுப்பியவர் நம்மிடம் கேட்கும் நாள் வரும். அதற்கு முன்பாக, வரும் ஞாயிறு சமாதானம் பகிரும்போது ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்போம்.