பிறருக்கு மதம் கொடுக்கப் போனவர்

கிறிஸ்தவ வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கக்கூடிய பேச்சு ஒன்று உண்டு. ஒரு வாலிபனோ ஒரு பெண்ணோ எழுந்து நின்று, தான் அதுவரை பெயரளவில்தான் கிறிஸ்தவனாய் இருந்ததாகவும், சங்கத்தாரோடு சேர்ந்து அன்னிய தேசத்துக்கு ஊழியம் செய்யப் போனதாகவும், போன இடத்திலேதான் தனக்கு மெய்யான விசுவாசம் பிறந்ததாகவும் சொல்லுவதும், கேட்பவர்கள் உருகிப்போவதும், அடுத்த பிரயாணத்துக்குப் பலர் பெயர் கொடுப்பதும் வழக்கமாய் இருக்கின்றது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சாட்சி' என்பதாகும்.

கோர்ட்டில் ஒருவன் சாட்சி சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய இடமுண்டு. இந்தச் சாட்சிக்கு மாத்திரம் அது கிடையாது. ஆதலால் அந்த வேலையை நாமே சிறிது செய்து பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். இன்று பேசுகிற எந்த வாலிபனையும் கூண்டில் ஏற்ற நமக்கு விருப்பமில்லை. இத்தகைய சாட்சிகளுக்கெல்லாம் மூல சாட்சி என்று சொல்லத்தக்கவரும், தன் மனதில் நடந்ததை ஒளிக்காமல் நாட்குறிப்பில் எழுதி அச்சிட்டும் வைத்தவருமான ஒருவரையே அழைப்போம். அவர்தான் மெதடிஸ்டு சபைக்கு மூலபுருஷரான ஜான் வெஸ்லி.

1729ம் வருஷத்தில் சீமையில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சில வாலிபர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். ஜானும் அவர் தம்பி சார்லசும் அதில் முக்கியமானவர்கள். வாரத்தில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிவரை பட்டினி கிடப்பார்கள். ஒவ்வொரு மணிநேரத்துக்கும் இன்ன வேலையென்று கணக்கு வைப்பார்கள். 1730 முதல் ஜெயிலுக்குப் போய்க் கைதிகளையும், கடன்பட்டு அடைபட்டுக் கிடந்தவர்களையும் பார்த்து வந்தார்கள். மற்ற மாணாக்கர்கள் இவர்களைப் 'பரிசுத்தச் சங்கத்தார்' என்றும், எதற்கும் ஒரு முறை வைத்திருப்பதால் 'முறைக்காரர்' என்றும் பரிகாசம் செய்தார்கள். அந்த இரண்டாவது பரிகாசப் பெயர்தான் பிற்காலத்தில் மெதடிஸ்டு என்று கோடிக்கணக்கான ஜனங்களின் சபைப் பெயராய் நின்றது. சுயமரியாதைக்காரன் என்ற பெயரையே வசவாகச் சொல்லக் கேட்ட நமக்கு இதில் ஆச்சரியமில்லை.

இந்தச் சங்கத்து வாலிபர்களில் மூவர் 1735ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா என்ற புதுக் குடியேற்றத்துக்குக் கப்பலேறினார்கள். அங்குள்ள செவ்விந்தியர்களுக்குக் கிறிஸ்து மதத்தைப் போதிப்பது வெஸ்லியின் எண்ணம். ஆனால் புறப்படுமுன் ஒரு சிநேகிதருக்கு எழுதிய கடிதத்தில், தன் பிரதான நோக்கம் தன் சொந்த ஆத்துமாவை ரட்சித்துக் கொள்ளுவதே என்று அவரே சொல்லியிருக்கின்றார். வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செவ்விந்தியன் கேட்டானா, அவனுக்கு என்ன தேவை என்பதெல்லாம் பின் யோசனை. இவர் ஆத்துமாவுக்கு ஒரு மருந்து வேண்டும். அதற்கு ஒரு தேசமே அனுபானம்! காசிக்குப் போகிறவன் காசிவாசிகளின் நன்மைக்காகப் போகிறேன் என்று சொல்லுவதில்லை. அந்தவரைக்கும் அவன் யோக்கியன்.

நடுக்கடலில் 1736ம் வருஷம் ஜனவரியில் பெரும்புயல் பிடித்தது. பாய் கிழிந்து, கப்பலுக்குள் தண்ணீர் பாய்ந்தது. இங்கிலீஷ்காரர்கள் அலறினார்கள். அதே கப்பலில் போன மொரேவியர் என்னும் ஜெர்மன் கிறிஸ்தவர்கள் இருபத்தாறு பேர் பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லிக்குச் சாவுக்குப் பயம், அவர்களுக்குப் பயமில்லை. பெண்களும் குழந்தைகளுங்கூடப் பயப்படவில்லை என்று கேட்டபோது, தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருக்கின்றதென்று இவர் முடிவு செய்துகொண்டார். அவருடைய விசுவாசத் தேட்டத்துக்கு விதை அதுதான்.

நாம் கேட்பது இது: சாவுக்கு அஞ்சாமை ஒரு மதம் மெய் என்பதற்கு ருசுவாகுமா? ஆகுமானால் அஞ்சாமல் செத்த ஒவ்வொருவனுடைய மதமும் மெய்யாக வேண்டும். அவைகளோ ஒன்றையொன்று பொய்யென்று சொல்லுகின்றன. தான் ஏன் நாஸ்திகன் என்று எழுதி வைத்துவிட்டு 1931ல் தூக்குமேடைக்கு நடந்த பகத்சிங்கின் கால் நடுங்கவில்லை. அவருக்கு எந்தக் கர்த்தர் தைரியம் கொடுத்தார்? கூடி வாழ்ந்து, கூடிப் பாடி, ஒருவருக்கொருவர் இருக்கிறோம் என்ற உறுதி பெற்றவர்களுக்குத் தைரியம் வருகின்றது. அந்தக் கப்பலில் வெஸ்லி பார்த்தது அதைத்தான் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. கரையிறங்கியதும் டோமோசீசி என்ற செவ்விந்தியத் தலைவர் இவரை வந்து பார்த்தார். தொண்ணூறு வயது இருக்குமென்று அக்காலத்தவர் எண்ணிய கிழவர். அவர் சொன்னதை வெஸ்லியே பதிந்து வைத்திருக்கின்றார். பெரிய வார்த்தையைக் கேட்க எங்களுக்குச் சம்மதந்தான், ஆனால் ஸ்பெயின்காரர்கள் கிறிஸ்தவர்களாக்குவதைப் போல எங்களை ஆக்கவேண்டாம், முதலில் கற்பியுங்கள், பிறகு ஞானஸ்நானத்தைப் பற்றிப் பார்க்கலாம் என்பது அதன் கருத்து. காட்டு மனிதன் என்று சொல்லப்பட்டவரின் யோக்கியதையைப் பாருங்கள்! முதலில் தெரிந்துகொள்ளுவது, பிறகு ஒப்புவது. இந்த ஒரு நிபந்தனையை உலகத்தார் எல்லோரும் விதித்திருந்தால் எத்தனை மதம் மிஞ்சும்? பிறந்த பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதும், காதில் மந்திரம் ஓதுவதும், ஜாதிப் பெயரைச் சூட்டுவதும் எல்லாம் கற்பிக்குமுன் நடக்கும் காரியங்கள் அல்லவா?

வெஸ்லி செவ்விந்தியருக்குப் போதித்தது மிகச் சொற்பம். அவர் சவானா நகரத்து வெள்ளைக்காரர்களுக்குக் குருவாகவே காலங் கழித்தார். அங்கே சோபியா என்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் மேல் அவருக்குப் பிரியம் உண்டாயிற்று. மணந்து கொள்ளுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல், 1737ம் வருஷம் மார்ச்சில் அவரும் ஒரு நண்பரும் மூன்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். 'மணந்துகொள்', 'இவ்வருஷம் நினைக்காதே', 'இனி நினைக்கவே வேண்டாம்' என்பதாக மூன்று. கடைசிச் சீட்டு வந்தது. நமது ஊரில் சுவாமி சன்னிதியில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும், திருவுளச் சீட்டுப் போடுவதற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசமுண்டா? ஆக்ஸ்போர்டுப் படிப்பும் இந்த விஷயத்தில் கிளி ஜோசியக்காரனிடந்தான் கொண்டு போய்விட்டது. அந்தப் பெண்ணின் அபிப்பிராயத்தைச் சீட்டில் யாரும் எழுதவில்லை. ஆனால் அவள் எட்டு நாளைக்குள் வேறொருவரை மணந்து கொண்டாள். கெட்டிக்காரி என்று நாம் சொல்லுவோம்.

சில மாதத்துக்குப் பிறகு வெஸ்லி அவளுக்குக் கோயிலில் நற்கருணை கொடுக்க மறுத்தார். சபை விதியை அவள் மீறினாள் என்பது அவர் சொன்ன காரணம். ஊரார் அப்படி எண்ணவில்லை. அவளுடைய சிறிய தகப்பனார் முறையானவர் அவ்வூர் பிரதான மாஜிஸ்ட்ரேட்டு. வாரண்டு பிறந்தது, நாற்பத்து நான்கு ஜூரிகள் கூடினார்கள், பத்துக் குற்றம் சாட்டப்பட்டது. டிசம்பர் 2ந் தேதி இரவில் வெஸ்லி அவ்வூரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். திரும்புகிற கப்பலில்தான், செவ்விந்தியரை மனந்திருப்ப அமெரிக்காவுக்குப் போன தன்னை மனந்திருப்பப் போகிறவர் யார் என்னும் பொருள்பட அவர் தன் நாட்குறிப்பில் அழுதது. மதப் பிரசாரகர்களின் எழுத்தில் இவ்வளவு நேர்மையான இடம் வெகு சிலதே உண்டு. அதற்காக அவரை நாம் மதிக்கிறோம்.

ஆக்ஸ்போர்டில் பீட்டர் போலர் என்ற இருபத்தைந்து வயது மொரேவியரிடம், தனக்கே விசுவாசமில்லாதபோது பிறருக்குப் பிரசங்கிப்பது சரியா, நிறுத்திவிடட்டுமா என்று வெஸ்லி கேட்டார். நிறுத்தவேண்டாம், உனக்கு வருகிறவரைக்கும் பிரசங்கம் செய், வந்த பிறகு வந்ததனால் பிரசங்கம் செய் என்று யோசனை கிடைத்தது. இந்த வைத்தியத்தை நாம் பழிக்கவில்லை; இது பலிக்கும் என்றே சொல்லுகிறோம். எதையும் விடாமல் நூறுபேர் முன் சொல்லிக்கொண்டே இருப்பவனுக்கு அது மெய்யென்று தோன்றாமல் போகாது. ஆனால் அப்படிப் பலிப்பது கிறிஸ்து மதத்துக்கு மட்டுமா? எல்லா மதத்துக்கும் பலிக்குமே!

1738ம் வருஷம் மே மாதம் 24ந் தேதி இரவு ஒன்பது மணிக்குக் கால்மணி முன்பாக, ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு கூட்டத்தில் லூத்தருடைய முகவுரை ஒன்றைப் படிக்கக் கேட்டுக் கொண்டிருந்தபோது தன் இருதயத்தில் வெதுவெதுப்பு உண்டானதாக எழுதினார். இந்த நாளை மெதடிஸ்டுகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1739 ஜனவரியில் தான் இன்னும் கிறிஸ்தவனல்ல என்று அதே மனிதர் எழுதினதையும், 1766ல், அறுபத்து மூன்று வயதில், தான் கடவுளை நேசித்ததே இல்லை, ஆகையால் மெய்ப்பொருளில் விசுவசித்ததும் இல்லை என்று தம்பிக்கு அந்தரங்கமாகக் கடிதம் எழுதினதையும் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. அந்தக் கடிதத்தில் சில வார்த்தைகளை அவர் சுருக்கெழுத்தில் எழுதினார். வேலையை மட்டும் அவர் விடவில்லை, விடமுடியவும் இல்லை.

இனி நமக்கு முக்கியமான இடத்துக்கு வருவோம். அதே ஆக்ஸ்போர்டுச் சங்கத்து வாலிபர் ஒருவர் ஜார்ஜ் ஒயிட்பீல்டு. அவரும் 1738ல் ஜார்ஜியாவுக்குப் போனார். மகா பிரசங்கி. 1740ல் அங்கே ஒரு அனாதை ஆசிரமம் வைத்தார். அந்தக் குடியேற்றத்தில் அப்போது அடிமை வைத்துக்கொள்ளச் சட்டம் இடங் கொடுக்கவில்லை. ஆசிரமச் செலவுக்கு வருமானம் வேண்டுமென்று, அடிமை முறையை அனுமதிக்கும்படி வாதாடினவர்களில் ஒயிட்பீல்டு ஒருவர். 1751ல் அனுமதி கிடைத்தது. அடிமைகளைத் தானும் உடைமையாக வைத்திருந்து, 1770ல் இறக்கும்போது ஒரு சீமாட்டிக்கு ஆஸ்தியோடு எழுதி வைத்தார். வெஸ்லியோ, அடிமை முறையைக் கண்டித்து 1774ல் தனிப் புத்தகம் எழுதினார். 1791ல் சாவதற்கு ஆறுநாள் முன்பு வில்பர்போர்சுக்கு எழுதிய கடிதத்திலும் அதை ஒழிக்கும்படி தூண்டினார்.

ஒரே சங்கம், ஒரே வேதம், ஒரே தேசத்தில் ஊழியம். ஒருவர் மனிதனை விற்கலாம் என்றார். ஒருவர் கூடாது என்றார். விசுவாசம் இருவருக்கும் பொதுவாய் இருக்க, வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பிறனுக்கு வலிக்கும் என்று தன் புத்தியைக் கொண்டு யோசித்ததும் யோசிக்காததுந்தான் வித்தியாசம். வெஸ்லி 1772ல் ஒரு குவேக்கர் எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் இதில் தீவிரப்பட்டார். அதாவது, கற்றபின் ஒப்பினார். அவர் எங்கே யோசனையை வேதத்திடம் ஒப்புவித்தாரோ அங்கே சறுக்கினார் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. சூனியக்காரி என்று தண்டிக்கும் சட்டத்தைப் பார்லிமெண்டு எடுத்துப் போட்டு முப்பது வருஷத்துக்கு மேலான பிறகும், 1768ல், சூனியத்தை விடுவது பைபிளையே விடுவதாகும் என்று எழுதினவரும் இவரேதான்.

அவரிடம் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஏராளம். 1742ல் பிரிஸ்டல் நகரத்தில் கூட்டம் கூடும் கட்டடத்தின் கடனைத் தீர்க்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவராகப் பிரித்து ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வீடுவீடாகப் போனவர்களுக்கு யார் வேலையில்லாமல் இருக்கிறான், யார் குடிக்கிறான் என்பதெல்லாம் தெரிய வந்தது. கடன் வசூல் ஒரு பெரிய ஸ்தாபனமாயிற்று. 1746ல் ஏழைகளுக்கு மருந்துச் சாலை, 1748ல் பள்ளிக்கூடம். அந்த ஏற்பாட்டின் கிளைதான் 1814ல் இலங்கைக்கும், யாழ்ப்பாணத்துக்கும், 1817ல் சென்னைக்கும் வந்தது. நம்மவர்களில் பல குடும்பங்கள் எழுத்தறிந்தது அவர்கள் பள்ளிக்கூடத்தில்தான். நன்றி சொல்ல நமக்குக் கூச்சமில்லை. நமது சங்கங்களில் எத்தனை, பன்னிரண்டு அங்கத்தினர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் எட்டிப் பார்க்கின்றன என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாயிருக்கின்றது என்பதையும் மறைக்கவில்லை.

இப்போது சாட்சி சொல்லும் வாலிபர்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறோம். நீங்கள் போன ஊரில் பள்ளிச் சுவர் கட்டினீர்கள், பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பித்தீர்கள், நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தீர்கள், நல்ல காரியம். வீட்டை விட்டு, சுகத்தை விட்டு, ஒத்த வயதுத் தோழர்களோடு ஒரே பாயில் படுத்து, பிறனுக்கு உழைத்தபோது உங்கள் மனம் நிறைந்தது. அந்த நிறைவை உண்டாக்கினது உங்கள் உழைப்பும், உங்கள் தோழர்களும், அந்த ஊர் ஜனங்களின் முகமலர்ச்சியும் அல்லவா? இம்மூவருக்கும் சேரவேண்டிய கூலியை நாலாவது ஒருவருக்குக் கட்டிக் கொடுப்பானேன்? அன்றியும், உங்களுக்கு விசுவாசம் கிடைத்தது சரி; அந்த ஊராருக்கு என்ன கிடைத்தது? நீங்கள் கட்டின சுவருக்குக் கூலி வாங்கியிருக்கக் கூடிய கொத்தன் அந்த ஊரில் இல்லையா? திரும்பி வந்தபிறகு அங்கிருந்து ஒருவராவது உங்கள் கூட்டத்தில் எழுந்து பேச அழைக்கப்பட்டாரா? உங்கள் ஊரில் சேரிப் பக்கமும் குப்பைமேட்டுப் பக்கமும் போக விமானச் சீட்டுத் தேவையில்லையே, அங்கே போய் வந்தவர்கள் சாட்சி சொல்லக் கூட்டம் எப்போது?

டோமோசீசிக் கிழவர் 1739ம் வருஷம் அக்டோபரில் இறந்தார். சவானா நகரத்து வெள்ளைக்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்ச் சதுக்கத்தின் நடுவிலேயே மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். முதலில் கற்பியுங்கள் என்று அவர் கேட்டு மூன்று வருஷமும் சில மாதமும் ஆகியிருந்தது. கேட்கப்பட்டவர் அந்நேரம் சமுத்திரத்துக்கு அப்பால் பிரிஸ்டல் பக்கத்துத் திறந்த வெளிகளில், சுரங்கக் கூலிகளுக்குத் தன் விசுவாசத்தைப் பிரசங்கித்துக் கொண்டிருந்தார்.