காசு கொடுத்து வசவு வாங்கலாமா?

ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர் எதிர்பார்ப்பது இரண்டு: வயிறாரச் சாப்பாடு, முகம் சுளிக்காத உபசாரம். சாம்பாரில் உப்பு சற்றுக் கூடிவிட்டாலும் பொறுத்துக்கொள்வார். சர்வர் எரிந்து விழுந்தால் மறுமுறை அந்தப் படி ஏறமாட்டார். ஆனால் ஏச்சு வாங்குவதற்கென்றே பணம் கொடுத்துப் போகிற ஓட்டல்களும் உலகில் உண்டு என்றால் மூணாறு வாசகர்கள் வியப்படையக்கூடும்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 1985-ல் தொடங்கிய ‘டிக்ஸ் லாஸ்ட் ரிசார்ட்’டில் சிப்பந்திகள் வாடிக்கைக்காரரைக் கேலி செய்வார்கள், கிண்டல் வாசகம் எழுதிய காகிதத் தொப்பியை அவர் தலையில் மாட்டிவிடுவார்கள். 2021-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தோன்றிய ‘கேரன்ஸ் டைனர்’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே சிடுசிடுப்பதே சிப்பந்திகளின் வேலை. இதற்கு ஆள் சேருமா என்று கேட்காதீர்கள். நண்பர்களை அழைத்துக்கொண்டு பிறந்தநாள் கொண்டாடவே போனார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கும் முற்றிலும் புதிதல்ல. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையைத் தமிழ்நாட்டிலும், ‘அரசியல் பேசக்கூடாது’ என்ற பலகையைக் கேரளத்திலும் டீக்கடைகளில் பார்த்து வளர்ந்தவர்கள்தாமே நாம்? அதைப் படித்துக் கோபித்துக்கொண்டு வெளியேறியவர் யார்?

என் இளமையில் நான் சாப்பிட்ட ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் ஒரு பாட்டி இருந்தார். மழையில் நனைந்து இரவில் நேரங்கழித்துப் போனால், “ஏலே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? தொட்டுக்க ஒண்ணும் கிடையாது, குழம்பை ஊத்தித் தின்னுட்டுப் போ” என்பார். ஐந்து நிமிஷத்தில் சூடாக ஓர் ஆம்லெட் இலைக்கு வரும். அந்த ஏச்சுக்காகவே போனவர்கள் உண்டு. பசி அறிந்து திட்டிய திட்டு அது.

வெளிநாட்டு ஓட்டல்களில் நடப்பது இதன் நாடக வடிவம். ஏசுகிறவருக்கும் ஏச்சு வாங்குகிறவருக்கும் அது நாடகம் என்பது தெரியும். வெளியே வந்ததும் வாடிக்கைக்காரரின் கௌரவம் அப்படியே இருக்கும். அந்த நாடகத்திலும் எல்லை தவறுவது உண்டு. 2022-ல் கேரன்ஸ் டைனரின் பிரிஸ்பேன் கிளையில், மகளுடன் வந்த ஒரு தந்தையைப் பற்றிச் சிப்பந்தி பேசிய பேச்சு வரம்பு மீறியதால் நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

வெளியே மதிப்பு உள்ளவனுக்குத்தான் உள்ளே அவமானம் வேடிக்கை. தினமும் அதைச் சகிக்கிறவன் காசு கொடுத்து ஏன் வாங்கப் போகிறான்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகளில் சிரட்டையில் டீ வாங்கிக் குடித்தவனுக்கு அது நாடகமாகவா இருந்தது? நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகளிலும் ஓட்டல்களிலும் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்று தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததே, அது எதனால்?

மூணாறில் அந்தக் குவளை இல்லை. ஆனால் சீசன் நாட்களில் நான் கண்ணால் கண்ட காட்சி ஒன்று உண்டு. காரில் வந்த குடும்பத்தைக் கல்லாவிலிருந்து எழுந்து வரவேற்ற ஒரு முதலாளி, கொழுந்து பறித்த கையோடு வந்த இரண்டு அம்மாக்களிடம், “அந்தப் பக்கம் போய் உட்காருங்க” என்றார். குரல்கூட உயரவில்லை. ஆயினும் அந்த அம்மாக்கள் டீ குடிக்காமலே திரும்பினார்கள். விருந்தினரை வள்ளுவர் அனிச்ச மலருக்கு ஒப்பிட்டது சும்மா அல்ல. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் இவர்களைப் போன்ற பெண்களே என்பதை ஓட்டல்காரர்கள் மறந்துவிடக்கூடாது.

முதலாளிகளை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்று நம் ஊர் ஓட்டல்களில் இலை எடுப்பவரும் மேஜை துடைப்பவரும் பலர் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். தண்ணீர் வரச் சற்றுத் தாமதமானால் “ஏய்” என்று அவர்களை அதட்டுகிறவர்கள் யார்? துரைமார் காலத்தில் மலையேறி வந்து, கங்காணியின் அதட்டலுக்கு நடுங்கிய நம் பாட்டன் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தாம்! வாங்கிய அதட்டலை அடுத்தவன் தலையில் இறக்கி வைப்பது என்ன நியாயம்?

பணம் கொடுத்து ஏச்சு வாங்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். நாம் செய்ய வேண்டியது எளியது. கல்லாவில் இருப்பவர் யார் வந்தாலும் “வாங்க” என்று சொல்லட்டும். சாப்பிட வருகிறவர் “தம்பி, கொஞ்சம் தண்ணீர்” என்று கேட்கட்டும். இரண்டுக்கும் பில் கிடையாது.