ஜீன் கத்தரிக்கோல் தந்த கிருமிக்கு இன்னும் தடுப்பூசி இல்லையே, ஏன்?

“தொண்டை வலிதானே, ரெண்டு நாள்ல சரியாகிடும்.” பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி சொல்லும் சமாதானம் இது. வைரஸால் வந்த வலி என்றால் அது உண்மைதான். ஆனால், சில நேரம் காரணம் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதைக் கவனிக்காமல் விட்டால், சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வே சேதமாகிவிடும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தின் மரபணுக்களைப் பற்றி மட்டுமே பேச விஞ்ஞானிகள் சர்வதேச மாநாடுகள் நடத்துகிறார்கள். ஒரு கிருமிக்கு இவ்வளவு பில்டப்பா?

அறிவியலுக்கு என்ன தந்தது?

1928-ல் ஃபிரடெரிக் கிரிஃபித், இந்தக் குடும்பத்தின் நிமோனியா கிருமியை எலிகளுக்குச் செலுத்தினார். செத்துப்போன ஆபத்தான கிருமியிடமிருந்து ஏதோ ஒன்று, உயிருள்ள சாதுவான கிருமிக்குப் போய் அதையும் ஆபத்தாக்கியது. அந்த ‘ஏதோ ஒன்று’ டி.என்.ஏ என்று 1944-ல் ஆஸ்வால்ட் ஏவரி குழு காட்டியது. 2020-ல் வேதியியல் நோபல் பெற்ற ‘கிரிஸ்பர்’ ஜீன் கத்தரிக்கோலில் உள்ள கேஸ்9 புரதமும், நம் தொண்டையைப் பதம்பார்க்கும் ஏ வகையிடமிருந்து கிடைத்ததுதான்.

தடுப்பூசி ஏன் இல்லை?

நிமோனியா கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் அரசே குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறது. ஏ வகைக்கு மட்டும் இல்லை. அதன் மேலுள்ள ‘எம்’ புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 200-க்கும் மேற்பட்ட வகைகள். ஒரு வகைக்குத் தயாரானால் இன்னொன்று தப்பிக்கும். அந்தப் புரதத்தின் சில பகுதிகள் இதயத் தசைப் புரதம்போலவே இருப்பதால், தடுப்பூசியே நம் இதயத்தைத் தாக்க வைத்துவிடுமோ என்ற பயமும் உண்டு.

விஞ்ஞானச் சிக்கல் மட்டும்தானா? ருமாட்டிக் இதய நோயால் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில், நெருக்கடியான வீடுகளில் வாழ்பவர்கள். லாபம் தராத நோயாளிகள் என்பதால், பெரிய மருந்து நிறுவனங்களின் முதலீடும் குறைவு. 2018-ல் உலக சுகாதார சபை இந்நோய்க்கு எதிராகத் தீர்மானம் போட்டும், தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை.

பென்சிலினுக்கு இந்தக் கிருமி இன்றும் அடங்குகிறது. ஆனால், ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தை, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை என்று பல ஆண்டுகள் ஊசி போட வேண்டும். தினக்கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது லேசான விஷயமா?

மாநாடுகளில் புது ஜீன்களைப் பற்றிப் பேசட்டும், நல்லதுதான். கூடவே, தடுப்பூசி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் பணம் போடுவது என்ற கேள்விக்கும் அரசுகள் அங்கே பதில் சொல்ல வேண்டும். அதுவரை, காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால், ‘சரியாகிடுச்சே’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.